ஒன்று புள்ளி இரண்டு பூஜ்யம்

திங்கட்கிழமை சட்டைக் கம்பெனியில் அந்தக் காகிதத்தைக் காலர்க்காவின் மூக்குக்கு நேரே நீட்டினார்களே, அவளும் "கண்ணாடி எடுத்துட்டு வரல, நாளைக்குப் படிச்சுட்டுச் சொல்றேன்" என்று நழுவினாளே, அந்த நாளைக்கு வந்து போய், அதற்கு அடுத்த நாளும் போய்விட்டது. இன்று வியாழக்கிழமை. சாயங்காலம் நாலு மணி வரைதான் கெடு.

அவளுக்குக் கண்ணாடியே கிடையாது என்பது வேறு விஷயம். ஊசியில் நூல் கோக்க லைனில் பாதிப் பேர் அவளிடம்தான் வருவார்கள்.

காகிதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. சட்டை லைனில் இருபத்திரண்டு பேர், ஆளுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு எண். ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம், மணிக்கு எத்தனை பீஸ். காலருக்கு எதிரே 1.20 என்றும், பக்கத்தில் 50 என்றும் போட்டிருந்தது. பத்தொன்பது வருஷமாக அவள் தந்துகொண்டிருந்தது மணிக்கு நாற்பத்தைந்து. இரண்டு வாரத்துக்கு முன்னால் போர்டில் திடீரென்று ஐம்பது ஏறியது. அதை மனதார ஒப்புக்கொள்கிறேன் என்று இப்போது கையெழுத்து வேண்டுமாம்.

கையெழுத்துப் போடாவிட்டால் நாளைக் காலை சீட்டை விட்டு எழுந்து, ஹாலின் கோடியில் ஜன்னல் இல்லாத மூலைக்குப் போய், பிசிறு வெட்டுகிற மேஜையில் உட்கார வேண்டும். கையெழுத்துப் போட்டும் எண்ணிக்கை வராவிட்டாலும் அதே மூலைதான். பட்டன்காரி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள், முதல் ஆளாக மூலைக்கும் போனாள். மற்றவர்களும் போட்டாகிவிட்டது. மிச்சம் இரண்டே பேர். காலர் தைக்கிற இவள், பக்கத்து மெஷினில் கஃப் தைக்கிறவள்.

எந்தக் கம்பெனியிலும் நடக்கிற கூத்துதானே என்று விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம், அந்த எண்ணை எழுதியது அவளுடைய சொந்தக் கொழுந்தன். அவள் வாழ வந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் வாசலில் நின்றவனுக்கு முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தது அவள்தான். இன்றைக்கு அவன் கழுத்தில் அட்டை, கையில் பலகை, லைன் லைனாக நின்று டைம் எடுக்கிற உத்தியோகம்.

அண்ணிக்கே டைம் எடுத்துவிட்டான், பாருங்கள்.

காலை ஆறரைக்கு அடுப்பங்கரையில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றாள். பதினேழு வயது. எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள், அதனால் வீட்டில் அவளுக்கு ஓட்டக்காரி என்றே பெயர். கடிகாரம் அவளுடையது. கறுப்பு ரப்பர் பட்டை, நாலு பட்டன், நடுவில் கட்டம் கட்டமாய் எண்கள். கம்பெனி வாசலில் போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். கடிகாரத்தை யாரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சந்தில்தான் அம்மாவும் மகளும் மூன்று நாளாகப் புகுந்து வருகிறார்கள்.

முதல் நாள் சிரிப்பாய்ச் சிரித்தது. காலர்க்கா ஏதோ ஒரு பட்டனை அழுத்தப் போய், கடிகாரம் எங்கோ உலகத்தின் அந்தக் கோடி ஊர் நேரத்துக்குத் தாவிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கையைத் திருப்பிப் பார்த்தால் விடியற்காலை மூன்று மணி. மறுநாள் லேப் எடுக்கக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு காலர் முடிந்ததும் ஒரு அழுத்து. அழுத்த அழுத்த ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆனது என்று அது தன் வயிற்றில் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

"நேத்து வரைக்கும் நூறு காலர் ஏறியிருக்கும்மா. எல்லாமே ஒண்ணு பத்தொம்பது, ஒண்ணு இருபது, ஒண்ணு இருபத்தொண்ணு. நீ என்ன மனுஷியா, மெஷினா?"

"மெஷினுக்கு இடுப்பு வலிக்குமாடி?"

"இன்னைக்கு வேற வித்தை. இது டைமர். பின்னாலேர்ந்து எண்ணிட்டு வரும். சித்தப்பா காலருக்கு என்ன எழுதியிருக்காரு?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு பூஜ்யம்."

"ஒரு நிமிஷம் இருபது நொடி." மகள் மேல் பட்டனை அழுத்திப் பிடித்தாள். எண்கள் கண் சிமிட்டின. ஒன்றை வைத்தாள், இருபதை வைத்தாள். "ரிப்பீட் போட்டாச்சு. ஒவ்வொரு ஒண்ணு இருபதுக்கும் கூப்பிடும். அதுக்குள்ள ஒரு காலர் முடிஞ்சா சித்தப்பா எழுதினது சரி. முடியலேன்னா சண்டைக்கு நானும் வரேன்."

"கூப்பிடும்னா? பீப் பீப்னு கத்துமா? மேனேஜர் காதுக்குப் போனா?"

"இந்த மோடு பட்டனை அழுத்திப் பிடி. சத்தம் போயிடும். கைல குறுகுறுன்னு மட்டும் அதிரும். திரும்பச் சத்தம் வேணும்னா இதையே இன்னொரு தடவை பிடி. ஆனா ஒண்ணு, இந்தக் கீழ் பட்டன் இருக்கு பாரு, இதை மட்டும் மூணு நொடி சேர்த்தாப்போல அழுத்திடாத. சேர்த்து வச்ச நூறும் அழிஞ்சு போயிடும்."

"நான் ஏன் அழுத்தப் போறேன்?"

"நேத்து அழுத்தப் போனியே!"

"அது முந்தாநாள்."

வீட்டுக்காரர் தேநீர் டம்ளரோடு வந்து நிலைப்படியில் சாய்ந்தார். லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களிடம் "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிச் சொல்லியே எதற்கும் குரல் உயர்த்தாமல் பழகிப்போனவர். இன்று குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"அவன் இன்னைக்கும் சாப்பிடாமப் போயிட்டான். மூணு நாளாச்சு. உன் முகத்தைப் பார்க்கவே பயப்படறான்."

"பயப்படட்டும்."

"சனிக்கிழமை அவனுக்கு இந்தப் புது வேலை நிரந்தரமாகுது. சொந்த அண்ணியே கையெழுத்துப் போடலேன்னா மேனேஜர் அவனை என்ன நினைப்பாரு? வீட்டு விஷயத்தைக் கம்பெனிக்குக் கொண்டு போகாத."

"கம்பெனி விஷயத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தது யாரு? இப்ப டம்ளரும் கையுமா நிக்கறீங்களே, நீங்கதான்."

ஓட்டக்காரி பக்கென்று சிரித்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இங்க பாரு. அஞ்சு காலர். மணிக்கு அஞ்சே அஞ்சு. அதுக்காக அவன் பிழைப்புல மண்ணைப் போடணுமா? கையெழுத்துப் போட்டுட்டு வா. போடலேன்னா..."

"போடலேன்னா?"

இருபத்தோரு வருஷத்தில் அவர் அந்த மாதிரி வாக்கியத்தை ஒரு தடவைகூட முடித்ததில்லை. இன்றும் முடிக்கவில்லை. டம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனார். அதுவே அவரைப் பொறுத்தவரை பெரிய சண்டை.

ஒன்பது மணிக்கு மெஷின்கள் உயிர் பெற்றன. காலர்க்கா கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிக்கொண்டாள். வெளிப்பக்கம் இருந்தால் துணி மாட்டும். இடது கையால் துணியைத் தள்ளுகிறவளுக்கு மணிக்கட்டு முக்கியம்.

இரண்டு துண்டு, நடுவில் கேன்வாஸ், மூன்று பக்கம் ஓட்டம், முனையில் வெட்டு, திருப்பிப் போட்டு, குச்சியால் மூக்கைக் கூர் தட்டி, மேலே ஒரு ஓட்டம். முடிந்த காலர் கூடையில் விழவும் மணிக்கட்டு குறுகுறுக்கவும் சரியாக இருந்தது. அடுத்தது. மறுபடி குறுகுறு. அடுத்தது. ஒரு காலர்கூடப் பிந்தவில்லை. கொழுந்தன் எழுதிய அதே நேரம். காகிதத்துக்கும் கைக்கும் ஒரு மயிரிழை வித்தியாசமில்லை.

பத்து மணிக்கு எண்ணுகிற பெண் வந்து கூடையை எண்ணி, போர்டில் சிவப்பு சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனாள். 50. அதன் கீழே 45. குறைவு 5.

காலர்க்கா போர்டைப் பார்த்தாள், கையைத் திருப்பிப் பார்த்தாள். எனக்கு மூளை குழம்பிவிட்டதா? சொன்ன நேரத்தில் சொன்ன வேலையை முடித்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. பிறகு எப்படிக் குறையும்?

"அக்கா, அந்த அஞ்சு காலர் எங்க போச்சு?" என்றாள் கஃப், தையலை நிறுத்தாமல். "சுருட்டி முழுங்கிட்டீங்களா?"

"வாயை மூடிட்டுத் தையிடி."

"நீங்க கையெழுத்துப் போட்டா நானும் போடறேன், போடலேன்னா நானும் போடல. ஏதோ ஒண்ணு சீக்கிரம் சொல்லுங்க."

இதுவரை அவள் நினைத்திருந்ததெல்லாம் ஒன்றுதான். கொழுந்தன் மேனேஜருக்குப் பயந்து நொடிகளைத் திருடி எழுதிவிட்டான். அதை மூன்று நாள் கடிகாரத்தால் பிடித்துவிடலாம். பிடிக்கப் போனால் அவன் எழுதியது சரியாக இருக்கிறது! அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் சரி, கடிகாரமும் சரி என்றால் தப்பு தன் கையில்தான். வயசாகிவிட்டதா? நாற்பத்தாறு ஒரு வயசா?

பதினொன்றரைக்குப் புதுக் கட்டு வந்தது. கட்டிங் செக்‌ஷனிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு கட்டியிருக்கும். அதைப் பிய்த்துக் குத்தூசியில் குத்தப் போனவள் அப்படியே நின்றாள். சீட்டில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: துணி 1.20.

ஒரு மீட்டர் இருபது சென்டி. அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. நூறு ஆனால்தான் ஒரு மீட்டர். மணிக்கட்டைத் திருப்பி, டைமரை விட்டு லேப்புக்கு மாற்றி ஓடவிட்டாள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது... அடுத்தது அறுபது வரவில்லை. பூஜ்யத்துக்குத் திரும்பி, பக்கத்தில் நிமிஷம் ஒன்று ஏறியது. ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு புள்ளி.

காகிதத்தில் இருந்தது ஒரே புள்ளி.

டேப்பில் நூறு. கடிகாரத்தில் அறுபது. மீட்டரில் புள்ளி இரண்டு பூஜ்யம் என்றால் இருபது சென்டி, ஐந்தில் ஒரு பங்கு. நிமிஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருபது நொடியா? பன்னிரண்டு நொடிதானே!

சாக்குக்கட்டியை எடுத்து மேஜை மேலேயே கணக்குப் போட்டாள். மணிக்கு மூவாயிரத்து அறுநூறு நொடி. ஐம்பதால் வகுத்தால் எழுபத்திரண்டு. ஒரு நிமிஷம் பன்னிரண்டு நொடி. எழுதிக் கொடுத்த நேரத்தை மணிக்கு எத்தனை பீஸ் என்று மாற்றுவது ஆபீஸ் கம்ப்யூட்டர், இது அது போட்ட கணக்கு. அவன் எழுதினது ஒரு நிமிஷம் இருபது நொடி, அது படித்துக்கொண்டது ஒரு நிமிஷம் பன்னிரண்டு நொடி. காலருக்கு எட்டு நொடி காணாமல் போய்விட்டது. இப்படிக் காணாமல் போன நொடிகளைத்தான் இரண்டு வாரமாக இருபத்திரண்டு பெண்கள் தங்கள் விரலில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்பது வருஷம் கட்டிங்கில் துணி அளந்தவன் அவன். போன மாசம்தான் டைம் எடுக்கிற வேலைக்கு ஏற்றினார்கள். பழக்க தோஷத்தில் கடிகாரத்தை டேப் மாதிரி எழுதிவிட்டான்.

"அட லூசுப் பயலே!" என்று வாய்விட்டுச் சொன்னாள். கஃப் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து ஊசியை உடைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு, சாப்பாட்டு இடைவேளையில், தண்ணீர்க் குழாய் பக்கம் அவனை மடக்கினாள்.

"தம்பி, இங்க வா. ஓடாத. திட்ட மாட்டேன்."

அவன் வந்தான். மூன்று நாள் சாப்பிடாத முகம். காலரின் ஒரு பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. அவளுக்கு அடக்க முடியாத சந்தோஷம். இது திருட்டு இல்லை, வெறும் தப்பு. தப்பைத் திருத்திவிட்டால் தீர்ந்தது.

"உன் பேப்பர்ல ரெண்டு புள்ளி வைக்க வேண்டிய இடத்துல ஒரு புள்ளி வச்சிருக்கடா. டேப்புக்கு நூறு, கடிகாரத்துக்கு அறுபது. எண்பது நொடி எழுபத்திரண்டு ஆயிடுச்சு. போய் மேனேஜர்கிட்ட..."

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"புள்ளி." அவன் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பத்து நாளா தெரியும்."

தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலர்க்கா குழாயை இறுக்கி மூடினாள்.

"போர்டுல ஏறின பிறகுதான் பார்த்தேன். அதுக்குள்ள மேனேஜர் மேலிடத்துக்கு அனுப்பிட்டாரு. அம்பதுன்னு பார்த்து அவங்களுக்கு ஒரே கொண்டாட்டம். என்னைத் தட்டிக் கொடுத்தாரு அண்ணி. அப்ப போய் எப்படிச் சொல்றது? சனிக்கிழமை ஆர்டர் கைக்கு வந்துடட்டும். அப்புறம் மெதுவா நானே மாத்திடறேன்."

"பட்டன்காரியையும் மெதுவாத்தான் மூலைலேர்ந்து கூட்டிட்டு வருவியா?"

அவன் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

"அவ அங்க கத்தரிக்கோலும் கையுமா உக்காந்து அழுதுட்டிருக்கா. எண்ணிக்கை குறைஞ்சதுக்கு இல்ல. தன் கை ஓஞ்சு போச்சுன்னு அழறா. அவ கை நல்லாத்தான் இருக்குன்னு உனக்கு மட்டும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பத்து நாள் அவ முன்னாடி பலகையோட நடந்திருக்க." அவள் குரல் உடைந்தது. "நானும் நினைச்சேன்டா. வயசாயிடுச்சு, இனிமே நான் அவ்வளவுதான்னு நினைச்சேன். உன்கூட ஒரே வீட்டுல இருந்துட்டு."

"நீங்க சொன்னா என் வேலை போயிடும் அண்ணி."

"நாலு மணிக்கு நான் சொல்லத்தான் போறேன். அதுக்கு முன்னாடி நீயே போய்ச் சொல்லிட்டா உனக்கு மரியாதை. மூணே கால் மணி நேரம் இருக்கு."

பழக்கத்தில் அவள் கை நீண்டு அவனுடைய மடங்கின காலரை இழுத்துச் சரி செய்தது. செய்த பிறகு தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றே கால் மணி நேரமும் அவன் சொல்லவில்லை. நாலு அடித்தது. மேனேஜர் வந்தார். கையில் பலகை, பலகையில் காகிதம், காகிதத்தோடு நூலில் கட்டிய பேனா. பின்னால் இரண்டடி தள்ளிக் கொழுந்தன்.

"என்னம்மா, இன்னைக்காவது கண்ணாடி வந்துச்சா?"

"கண்ணாடி எதுக்கு சார்? கடிகாரம் வந்திருக்கு."

காலர்க்கா மோடு பட்டனை அழுத்திப் பிடித்தாள். காலையிலிருந்து வாயைக் கட்டிப் போட்டிருந்த கடிகாரம் பீப் என்று கத்தியது. கத்தட்டும். தைக்கிறது என் கை, எடுக்கிறது என் நேரம், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இதுல நான் தெச்ச நூறு காலர் இருக்கு சார். ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம்னு இருக்கு. பாருங்க."

"இது என்ன விளையாட்டுச் சாமான்?" மேனேஜர் கடிகாரத்தை அவள் கையிலிருந்து வாங்கினார். திருப்பினார். கட்டை விரலைக் கீழ் பட்டனில் வைத்து நன்றாக அழுத்தினார்.

"சார், அது..."

ஒன்று. இரண்டு. மூன்று. நீளமாக ஒரு பீப். கட்டத்தில் வரிசையாகப் பூஜ்யங்கள்.

"ஐயையோ!" என்றாள் கஃப்.

தெரிந்து அழுத்தினாரோ தெரியாமல் அழுத்தினாரோ, அது அவருக்கும் அவர் கட்டை விரலுக்கும்தான் வெளிச்சம். நூறு காலரும் போய்விட்டது. மகள் படித்துப் படித்துச் சொன்னாளே என்று ஒரு கணம் காலர்க்காவுக்கு நெஞ்சு வெறிச்சென்று ஆனது. மறுகணம் அங்கே கோபம் வந்து உட்கார்ந்தது. நல்ல, தெம்பான கோபம்.

"போகட்டும் சார். அதுல இருந்ததுதான் போச்சு, என் கைல இருக்கிறது எங்கயும் போகல. வலது பக்கம் மேல் பட்டன். அழுத்துங்க, தைக்கிறேன்."

"எனக்கு இதுக்கெல்லாம் நேரமில்ல."

"ஒரு நிமிஷம் இருபது நொடிகூடவா இல்ல?"

எங்கோ ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு லைன் நெடுக ஓடியது. மேனேஜர் அழுத்தினார். காலர்க்கா தைத்தாள். மூன்று பக்கம், வெட்டு, திருப்பு, குச்சி, மேல் ஓட்டம். இருபது ஜோடிக் கண்கள் அவள் விரலில். அவள் அவசரப்படவும் இல்லை, மெதுவாகப் போகவும் இல்லை. காலரைக் கூடையில் போட்டுவிட்டுக் கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்க. சத்தமாப் படிங்க சார்."

"ஒண்ணு, இருபது." மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுதானேம்மா பேப்பர்லயும் இருக்கு! நீயே ஒத்துக்கிட்ட. போடு கையெழுத்து."

"போடறேன். அதுக்கு முன்னாடி உங்க போன்ல ஒரே ஒரு கணக்கு. ஒரு மணி நேரத்துல மூவாயிரத்து அறுநூறு நொடி. இந்தக் காலருக்கு எண்பது நொடி. வகுங்க."

அவர் போட்டார். போனைப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

"எவ்வளவு சார்?"

"நாப்பத்தஞ்சு," என்றார், யாருக்கோ காது கேட்கக் கூடாது என்பது போல.

"அம்பது எங்கேர்ந்து வந்துச்சு?" காலர்க்கா டேப்பைப் பலகையிலிருந்த காகிதத்தோடு சேர்த்துப் பிடித்தாள். "இதுல வச்சிருக்கிறது ஒரு புள்ளி. இது மீட்டர் கணக்கு. மீட்டருக்கு நூறு சென்டி. நிமிஷத்துக்கு எத்தனை நொடி சார்?"

மேனேஜர் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"அறுபது!"

குரல் ஜன்னல் இல்லாத மூலையிலிருந்து வந்தது. பட்டன்காரி எழுந்து நின்றிருந்தாள், கையில் கத்தரிக்கோலோடு. அடுத்த நொடி கஃப் கத்தினாள், "அறுபது!" அப்புறம் லைன் முழுக்கக் கத்தியது. கையெழுத்துப் போட்டவர்கள்தான் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தினார்கள்.

"யார் எழுதினது இதை?" மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். அவருக்கா தெரியாது?

காலர்க்கா கொழுந்தனைப் பார்த்தாள். அவன் தன் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் சொல்லிக் கொடுத்த அதே முடிச்சு. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"எழுதினது யாருன்னு நான் கேக்கல சார். திருத்தப் போறது யாருன்னு கேக்கறேன். அது தெரியாம நான் சீட்டை விட்டு எழுந்திரிக்க மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன்."

பிறகு அந்த இரண்டடி தூரத்தைக் கொழுந்தன் நடந்து வந்தான். மேனேஜர் கையிலிருந்த பலகையை வாங்கினான். நூலில் தொங்கிய பேனாவைப் பிடித்தான். காலருக்கு எதிரே இருந்த ஒற்றைப் புள்ளிக்கு மேலே இன்னொரு புள்ளி வைத்தான். 1:20. பக்கத்தில் ஐம்பதை அடித்துவிட்டு நாற்பத்தைந்து என்று எழுதினான். அடுத்தது கஃப். அங்கேயும் ஒரு புள்ளி. அடுத்தது பட்டன்.

"யோவ், நிறுத்துய்யா! அது ஒரிஜினல்!"

"ஆமா சார். அதனாலதான்."

இருபத்திரண்டு புள்ளியும் வைத்து முடிக்கிற வரை அவன் நிமிரவில்லை. முடித்துவிட்டுக் கீழே தன் கையெழுத்தைப் போட்டான். தேதியும் போட்டான்.

"என் ரூமுக்கு வா," என்றார் மேனேஜர். அந்தக் குரலில் சனிக்கிழமை இல்லை.

அவன் கடிகாரத்தை அவர் கையிலிருந்து எடுத்து அண்ணியிடம் கொடுத்தான். "இந்தப் பேச்சு பத்து நாளைக்கு முன்னாடியே நடந்திருக்கணும். உள்ள எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்த்துக்கங்க அண்ணி." அவ்வளவுதான் சொன்னான். கண்ணாடிக் கதவு மூடியது. உள்ளே திரையை இழுத்து விட்டார்கள். காலர்க்கா வலது பக்கம் மேல் பட்டனை அழுத்தினாள்.

நாலரைக்கு மணி அடித்தது. ஒரு நாளும் இல்லாத அதிசயமாக யாரும் முட்டி மோதிக்கொண்டு வாசலுக்கு ஓடவில்லை. பைகளை எடுத்தார்கள், கண்ணாடிக் கதவைப் பார்த்தார்கள், நின்றார்கள். காலர்க்கா ஸ்டூலை விட்டு அசையவில்லை.

காவலாளி எட்டிப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் வாசல்ல நிக்கறாரும்மா. கையெழுத்தாயிடுச்சான்னு கேக்கறாரு."

"கோபமா இருக்காரா?"

"தெரியல. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கறாரு."

"ஆகலைன்னு சொல்லுங்க. ஆகாதுன்னும் சொல்லுங்க. தம்பி உள்ள இருக்கான், அவன் வெளியே வராம நான் வரமாட்டேன்னும் சொல்லுங்க."

காவலாளி மூன்றையும் விரலில் எண்ணிக்கொண்டு போனார்.

மூலையிலிருந்து பட்டன்காரி வந்தாள். யாரையும் கேட்கவில்லை. தன் பழைய மெஷின் முன்னால், தன் பழைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கஃப் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பின்னால் ஒவ்வொரு ஸ்டூலாக இழுபடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

திரைக்குப் பின்னால் மேனேஜர் குரல் ஏறியது. கொழுந்தன் குரல் கேட்கவே இல்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சுக்கா?" என்றாள் கஃப்.

காலர்க்கா மணிக்கட்டைத் திருப்பினாள். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பதினெட்டு நிமிஷம்," என்றாள். "ஒவ்வொண்ணுலயும் முழுசா அறுபது நொடி."